துப்பாக்கிக் கவுன்ட்டரில் ஒரு கைரேகை

சென்ற ஆண்டு நவம்பரில், மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பு, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றுக்கு, கீழேயுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா நிரப்பும் லீவர் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். விலைச் சீட்டில் புதியது என்று அச்சிட்டிருந்த அந்தத் துப்பாக்கியை விளக்கு வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தபோது, அதன் வலப்பக்க இரும்பில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் பதிந்திருந்தது. எண்ணெய்க் கறையாக இருக்கும் என்று நினைத்து விரலால் தேய்த்தேன், அது போகவில்லை. சுழிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்படி, செம்பழுப்பு நிறத்தில், துருவாகவே இறுகிப்போன ரேகை அது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மை தொட்டு வைக்கும் ரேகைகூட இவ்வளவு சுத்தமாக விழுந்து நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குத் துப்பாக்கிக் கடையில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். இங்கே ரைபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் பல தலைமுறைகளாக நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கிவந்தது. 2019 முதல் அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. அந்தத் திங்கட்கிழமையன்று விடுமுறை விடும் பள்ளிகள் பல உண்டு என்று சொன்னால், நம் ஊரில் பொங்கலுக்கு இருக்கும் மதிப்பை வைத்துப் புரிந்துகொள்ளலாம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர், ஆண்டுதோறும் தம் வேட்டையில் கிடைத்த இறைச்சியில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுத்தனுப்புவார். அதை என் மனைவி மிளகு போட்டு வறுத்து அவருக்கே ஒரு கிண்ணம் திருப்பி அனுப்புவார். அப்படித் தொடங்கிய பழக்கம், நான் வேட்டைக்கல்வி வகுப்பில் சேர்ந்து, தேர்வெழுதி, உரிமம் வாங்கும் அளவுக்கு வந்தது. தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்ற விதியையும், மானுக்கு, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைபிளைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதியையும் அங்கேதான் படித்தேன். இந்த இரண்டாவது விதியால்தான் இம்மாநிலக் காடுகளில், போல்ட் என்னும் அடைப்பைக் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷனும் லீவர் ஆக்‌ஷனும் இன்றும் செல்வாக்கோடு இருக்கின்றன. நான் பார்க்கச் சென்றது மார்லின் 336 என்னும் ரைபிள். 1948 முதல் வந்துகொண்டிருக்கும் வடிவம். இடையில் ரெமிங்டனின் கைக்குப் போய், அந்நிறுவனம் திவாலான பிறகு 2020இல் ரூகர் வாங்கி, 2023இல் மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. வால்நட் மரக்கட்டை, ப்ளூயிங் என்னும் கறுநீல மெருகேற்றிய எஃகு, விலை 1,000 டாலருக்கும் மேல்.

துப்பாக்கியை எப்படித் தொட வேண்டும் என்பதை நான் கற்றது அமெரிக்காவில் அல்ல. திருச்சியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் 0.22 ரைபிள் கொடுப்பார்கள். ஆண்டுக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவே தோட்டா கிடைக்கும். ஆனால் துடைப்பதற்கு மட்டும் கணக்கே கிடையாது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார், புல்-த்ரூ கயிற்றில் சிந்தி என்னும் துண்டுத் துணியைக் கோத்துக் குழலுக்குள் இழுக்கச் சொல்வார். துணி கறுப்பாக வந்தால் மறுபடியும் இழு என்பார். வெள்ளையாக வந்தால், சரியாக இழுக்கவில்லை, மறுபடியும் இழு என்பார். ஒருவனிடமிருந்து இன்னொருவன் வாங்கும்போது போல்ட் திறந்திருக்க வேண்டும், கொடுப்பவனும் பார்க்க வேண்டும், வாங்குபவனும் பார்க்க வேண்டும். ஆயுத பூஜையன்று அந்த ரைபிள்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்த அதே ஹவில்தார், மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தச் சந்தனத்தை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைக்க வைத்தார். ஈரச் சந்தனம் இரும்பில் காய்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்தக் கவுன்ட்டருக்கு வருகிறேன். பெரிய கடைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் பின்சுவரை ஒட்டி, மீன்பிடித் தூண்டில்களுக்கும் கூடாரங்களுக்கும் அப்பால் இருக்கும். முன்னால் கண்ணாடி மேசை, அதற்குள் கைத்துப்பாக்கிகள்; பின்னால் சுவரில் நீண்ட தாங்கி, அதில் ரைபிள்களும் ஷாட்கன்களும் குழல்வாய் மேல்நோக்கியபடி நிற்கும். இந்தக் கடையின் தாங்கியில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பள்ளம் உண்டு. பருவ நெருக்கடிக்காகக் கூடுதல் சரக்கு வந்திருந்ததால், ஒரு பள்ளத்தில் இரண்டாகவும், இரு பள்ளங்களுக்கு நடுவே இன்னொன்றாகவும் சொருகி வைத்திருந்தார்கள். தொலைநோக்கி பொருத்திய ரைபிள்கள் பக்கத்து ரைபிளின் மரக்கட்டையில் சாய்ந்து நின்றன. ஒன்றை எடுத்தால் மூன்று அசையும். பாத்திரக் கடையில் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தட்டை உருவும்போது எழுமே, அந்த ஓசைதான் அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டது.

அன்று கவுன்ட்டரில் இருந்தவர்கள் மூன்று பேர். என்னைக் கவனித்த இளைஞருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கலாம். மிகுந்த மரியாதையோடு பேசினார். நான் காட்டிய ரைபிளை அவர் கிடையாக இழுத்தபோது, அதன் முன்குறி பக்கத்து ஷாட்கனின் கட்டையில் ஒரு முழ நீளத்துக்கு உரசிக்கொண்டு வந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அப்படியே அரை வட்டமாகச் சுற்றி என்னிடம் நீட்டியதில், குழல்வாய் முதலில் அவருடைய சக ஊழியரின் இடுப்பையும், பிறகு எனக்குப் பின்னால் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையையும், கடைசியாக என் மார்பையும் கடந்து சென்றது. தோட்டா அறையைத் திறந்து பார்க்கவே இல்லை. கடையில் இருக்கும் துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியது என்றே கொள் என்று அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தம் நான்கு விதிகளில் முதல் விதியாக வைத்ததற்குக் காரணமே அந்த நம்பிக்கைதான். பழைய துப்பாக்கிகளையும் வாங்கி விற்கும் கடை இது. யார் வீட்டு அலமாரியிலிருந்து எது எந்த நிலையில் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

நானே திறந்து பார்க்கலாம் என்று லீவரைக் கீழே தள்ளினேன். அது அசையவில்லை. இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களுக்கு விசையைச் சுற்றி இருபுறமும் தகடு வைத்துப் பூட்டும் ஒரு பூட்டைப் போடுவார்கள். லீவர் ஆக்‌ஷனில் விசைக்காப்பு வளையமே லீவரின் பகுதி. லீவரோடு சேர்ந்து அதுவும் இறங்கி ஏறும் என்பதால் அந்தப் பூட்டு இதற்குச் சரிப்படாது. அதற்கு மாற்றாக இந்தக் கடையில், திருட்டு எச்சரிக்கைக் கம்பியை லீவரோடு சேர்த்துக் கட்டையின் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டையும் போட்டிருந்தார்கள். திருடனைத் தடுக்கக் கட்டிய கட்டு, தோட்டா அறையைத் திறந்து பார்ப்பதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. வாடிக்கையாளர் கைக்கு வரும் ஒரு துப்பாக்கியை விற்பவரோ வாங்குபவரோ சோதிக்கவே முடியாதபடி காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின. அவிழ்த்துத் தரச் சொன்னேன். இளைஞர் வெட்டுவதற்குக் கருவி தேடிப் போனார். ரைபிளை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் ரேகையைக் கண்டேன். கண்ட பிறகு, மருத்துவர் நோயாளியைத் திருப்பிப் பார்ப்பதுபோல் மற்ற இடங்களையும் பார்க்கத் தொடங்கினேன். கம்பி சுற்றியிருந்த இடத்தில் வால்நட் கட்டையின் மெருகு வளையமாகத் தேய்ந்து, வெளிறிய மரம் தெரிந்தது. கட்டையின் இடப்பக்கத்தில் நகத்தளவு பள்ளங்கள் நான்கைந்து இருந்தன. பக்கத்துத் துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி இடித்த தடங்கள் என்று ஊகிக்க முடிந்தது. மேற்புறத்தில் தொலைநோக்கித் தாங்கிக்கான திருகுகளில் ஒன்றின் தலை சிதைந்திருந்தது. அளவு பொருந்தாத திருப்புளியை வைத்து யாரோ பலம் காட்டியிருக்கிறார்கள். இவையெல்லாம் கண்ணுக்கு உறுத்தும் குறைகள், சுடுவதைப் பாதிக்காது. என்னைக் கவலைப்பட வைத்தது குழல்வாய்தான். குழலுக்குள் இருக்கும் முறுக்குப் பள்ளங்கள் முடியும் அந்த விளிம்பைக் கிரௌன் என்பார்கள். குண்டு குழலை விட்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடுவது அதைத்தான். அங்கே ஒரு பக்கம் சிறிது நசுங்கியிருந்தாலும், பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டுக் குண்டைச் சற்றே சாய்த்துவிடும். இந்த ரைபிளின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் துகள் ஒட்டியிருந்தது. கிடங்கிலோ கவுன்ட்டருக்குப் பின்னாலோ யாரோ இதைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி நிறுத்தியிருக்க வேண்டும்.

ப்ளூயிங் என்பதைப் பலர் ஒருவகை வண்ணப்பூச்சு என்று நினைக்கிறார்கள். எஃகை எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிகரைசலில், ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் முக்கி எடுக்கும்போது, அதன் மேற்பரப்பு தானே கறுநீல ஆக்ஸைடாக மாறுகிறது. மேக்னடைட் என்று அதற்குப் பெயர். துருவும் இரும்பு ஆக்ஸைடு, இதுவும் இரும்பு ஆக்ஸைடு. ஒன்று உதிர்ந்து உள்ளே அரிக்கும், மற்றொன்று ஒட்டிக்கொண்டு ஓரளவு காக்கும். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் படலம் மிக மெல்லியது, நுண்துளைகள் கொண்டது, எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதே அதன் முக்கியப் பயன். எண்ணெய் போய்விட்டால் அது வெறும் நிறம். மனிதக் கையின் வியர்வையில் உப்பு இருக்கிறது. வியர்த்த கை ஒன்று பட்டுத் துடைக்காமல் விட்டால், ஓரிரு நாள்களிலேயே புள்ளி புள்ளியாகச் சிவக்கத் தொடங்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பூசியிருக்கும் பாதுகாப்பு எண்ணெய், முதல் இருபது முப்பது வாடிக்கையாளர்களின் கைகளோடு போய்விடுகிறது. அதன் பிறகு தொடுகிற ஒவ்வொருவரும் உப்பை மட்டுமே விட்டுச் செல்கிறார்கள்.

இளைஞர் கத்தரிக்கோலோடு திரும்பி வந்து அந்தக் கட்டினை அறுத்தார். லீவரைத் திறந்து பார்த்தேன். அறை காலியாகத்தான் இருந்தது. ரேகையை அவரிடம் காட்டினேன். அவர் முகம் உண்மையிலேயே வருந்தியது. உடனே மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீல நிறப் புட்டியை எடுத்து, நான் தடுப்பதற்குள் துரு இருந்த இடத்தில் இரண்டு முறை பீய்ச்சி, காகிதத் துவாலையால் அழுத்தித் துடைத்துவிட்டார். அது மேசைக் கண்ணாடியைத் துடைக்கும் திரவம். பெரும்பகுதி நீர்தான், மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவி எடுத்துவிடக் கூடியது. துரு போகவில்லை. அதைச் சுற்றி ஈரப்பளபளப்பு மட்டும் கூடியது. துப்பாக்கி எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். எட்டாம் வரிசையில் விற்பனைக்கு இருக்கிறது என்றார். எனக்கு முதுகுப்புறம் பத்தடி தூரத்தில், எண்ணெய்ப் புட்டிகளும் சிலிக்கோன் துணிகளும் குழல் துடைக்கும் கம்பிகளும் நான்கு தட்டுகளில் நிறைந்து தொங்கின. அவற்றில் ஒன்றைப் பிரித்துக் கவுன்ட்டரில் வைத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இல்லை. கிணற்றடியில் இருந்துகொண்டே தாகத்தில் வாடுவது என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

எனக்கு இடப்பக்கத்தில் நின்ற இருவர் கைத்துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் ரிவால்வரை வாங்கி, திரைப்படங்களில் காட்டுவதுபோல் மணிக்கட்டை வெட்டி, உருளையைச் சடக்கென்று மூடினார். உருளையைத் தாங்கும் கைமுட்டு போன்ற பகுதி அந்த வீச்சில் சிறிது சிறிதாக வளைகிறது. வளைந்துவிட்டால் உருளையின் அறைகள் குழலோடு நேராக நிற்பது கெடும். அவருக்குச் சரக்கைக் காட்டிக்கொண்டிருந்த மூத்த ஊழியர் சிரித்தார். பிறகு தாமும் ஒருமுறை அதேபோல் மூடிக் காட்டினார். மற்றொருவர் 0.22 ரைபிள் ஒன்றை வாங்கித் தொடர்ந்து வெறுமனே விசையை இழுத்துக்கொண்டிருந்தார். தோட்டாவின் அடிப்பகுதியின் நடுவில் ஊசி அடிக்கும் நவீன நடுவெடித் துப்பாக்கிகள் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்ளும். விளிம்பில் அடிக்கும் 0.22 போன்ற விளிம்புவெடித் துப்பாக்கிகள் எல்லாமே தாங்கும் என்று சொல்ல முடியாது: உள்ளே தோட்டா இல்லாதபோது, சில வடிவங்களில் சுத்தியல் ஊசி நேராகத் தோட்டா அறையின் விளிம்பையே அடித்துப் பள்ளமாக்கும். இழுத்துப் பார்க்கலாமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு இழுப்பதே இந்த ஊர்ப் பழைய கடைகளின் வழக்கம். இங்கே கேட்பாரும் இல்லை, கேட்கச் சொல்வாரும் இல்லை. கடையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. மாங்காயை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகும் வாடிக்கையாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

வேறு ஒன்று பெட்டி பிரிக்காமல் உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். கணினியில் பார்த்துவிட்டு, இதுதான் கடைசி என்றார். அப்படியென்றால் இதன் பெட்டி, கையேடு? தேடிப் பார்க்க வேண்டும். விலை? மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் ரேகையைப் பார்த்தார், திருகைப் பார்த்தார், குழல்வாயைப் பார்க்கவில்லை. பத்து விழுக்காடு குறைக்கலாம் என்றார். துணிக் கடையில் பொம்மைக்கு உடுத்திய சேலையைத் தள்ளுபடியில் கொடுப்பதுபோன்ற கணக்கு அது. வேண்டாம் என்றதும் மேலாளர் வற்புறுத்தவில்லை. பருவம் நெருங்குகிறது, இது எப்படியும் போய்விடும் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அதே மேசையின் வலக்கோடியில் நடந்துகொண்டிருந்த இன்னொரு காட்சியைப் பார்த்திராவிட்டால், பொதுவாகவே ஒழுங்கில்லாத கடை என்று நினைத்து நான் திரும்பியிருப்பேன். அங்கே ஒரு பெரியவர் ஷாட்கன் வாங்குவதற்காக 4473 படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற எந்த விற்பனையாளரிடம் வாங்கினாலும் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் படிவம் அது. முகவரியில் கவுன்டி, அதாவது மாவட்டம், என்று கேட்டிருக்கும் இடத்தை அவர் கன்ட்ரி என்று படித்துவிட்டு நாட்டின் பெயரை எழுதியிருந்தார். இந்தப் படிவத்தில் அடிக்கடி நேரும் பிழைகளில் ஒன்று அது. அதைக் கண்டுபிடித்த பெண் ஊழியர், அடித்து எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வாங்கினார். பிறகு ஓட்டுநர் உரிமத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். ஷாட்கனின் வரிசை எண்ணைச் சத்தமாகப் படித்து எழுதினார். இன்னொரு ஊழியரை அழைத்து, அவரையும் படிக்க வைத்துச் சரிபார்த்தார். அதன் பிறகே மாநிலக் காவல்துறையின் பிக்ஸ் என்னும் பின்னணிச் சோதனைக்கு விவரங்களை அனுப்பினார். மற்ற பல மாநிலங்களில் எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்திவரும் சோதனை அமைப்பை விற்பனையாளர் நேரடியாகக் கேட்பார்; பென்சில்வேனியாவில் நடுவில் மாநிலக் காவல்துறை இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் அந்தப் படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, மடங்காமல், இரு கைகளாலும் பிடித்து உள்ளே கொண்டுபோனார்.

அந்த ஷாட்கன் அதுவரை ஒரு நாற்காலியின் முதுகில் சாய்ந்து, ஒரு காலணிப் பெட்டியின் முட்டில் நின்றுகொண்டிருந்தது.

காரணம் வெளிப்படையானது. துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். அமைப்பின் ஆய்வாளர்கள் வந்தால் பார்ப்பது பதிவேட்டையும் படிவங்களையும் கையிருப்பையும். துப்பாக்கிகளின் வரவையும் விற்பனையையும் குறிக்கும் பதிவேட்டில் கையிருப்பாக இருக்கும் எண் சுவரில் இருக்க வேண்டும், சுவரில் இருப்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். 2022 வரை 20 ஆண்டுகள் காக்க வேண்டியிருந்த படிவங்களை இப்போது கடை மூடப்படும்வரை காக்க வேண்டும். பிழை மலிந்தால் உரிமமே போகலாம். இந்தக் கண்டிப்பில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அயல்நாட்டவனாக வந்தவன் என்ற முறையில் அதன் கண்டிப்பை நன்றாகவே அறிவேன். தற்காலிக விசாவில் இருந்தபோது, வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்கவே சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு வந்த பிறகும் அதன் எண்ணைப் படிவத்தில் எழுதியாக வேண்டும். ஆனால் குழல்வாய் தரையில் ஊன்றப்பட்டதா, வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் அறையைத் திறந்து காட்டினார்களா, மாலையில் யாராவது எண்ணெய்த் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தார்களா என்று கேட்கும் ஆய்வாளர் எவரும் வருவதில்லை. கேட்கப்படுவதற்கு மட்டும் பயிற்சி, கேட்கப்படாததற்குக் கண்ணாடித் திரவம் என்று அந்தக் கடை பிரித்துவைத்திருந்தது. இரும்பைத் துடைக்காத அலட்சியத்தையும் குழல்வாயை ஒரு குழந்தையின் மீது செலுத்திய அலட்சியத்தையும் என்னால் இரண்டாகப் பார்க்க முடியவில்லை. கையில் இருப்பது இன்னது என்ற நினைவு இருக்கும் ஒருவர் இரண்டையுமே செய்திருக்கமாட்டார்.

அந்த இளைஞரிடம் விடைபெறும்போது எத்தனை நாளாக இங்கே இருக்கிறார் என்று கேட்டேன். ஆறு வாரம் என்றார். அதற்கு முன்பு மிதிவண்டிப் பகுதியில் இருந்தாராம். படிவம் பற்றிய கணினிப் பாடங்களை முடித்து, தேர்விலும் தேறியிருக்கிறார். துப்பாக்கியைக் கையில் கொடுத்து யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் மீது கோபம் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு ஒரு ஹவில்தார் இருந்தார், அவருக்கு இல்லை.

தெருக்கார லேத் தொழிலாளியிடம் சொன்னபோது, அவர் வியப்படையவில்லை. பக்கத்துச் சிற்றூரில், கிராமியத் தபால் நிலையம் அளவே இருக்கும் ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்கு அனுப்பினார். அங்கே அதே ரைபிள் நாற்பது டாலர் அதிகம். சுவரில் ஒன்றும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் உள்ளேயிருந்து பெட்டியோடு எடுத்துவந்தார். மேசை மீது ஒரு கம்பளத் துண்டு விரித்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாசனை வந்தது. ரைபிளை எடுத்து, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, லீவரை இறக்கி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவி, பிறகு திறந்த நிலையிலேயே என் கையில் வைத்தார். நானும் பார்த்தேன். பத்து நிமிடம் தூக்கி, தோளில் வைத்து, குறி பார்த்து, இறக்கினேன். திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசாமல், மேசையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஃபிளானல் துணியை எடுத்து, நான் தொட்ட இடங்களையெல்லாம் துடைத்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, திருச்சி நினைவும் வந்தது. .30-30 தோட்டாவும் ஒரு பெட்டி வாங்கினேன். இந்த ரைபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு முன்னால் இருப்பதன் வெடிமூடியைக் குத்திவிடக்கூடும். தட்டைமுனையே வாங்க வேண்டும் என்று, எனக்குத் தெரியும் என்று தெரிந்தும், அவர் ஒருமுறை சொன்னார். படிவத்தையும் அவர் குறைவில்லாமல்தான் சரிபார்த்தார்.

ஜனவரியில் மகளுக்குப் பனிக் காலணி வாங்க மறுபடியும் அந்தப் பெரிய கடைக்குப் போக நேர்ந்தது. கால்கள் பின்சுவரை நோக்கித்தான் சென்றன. பருவம் முடிந்து கூட்டமில்லை. தாங்கியில் பள்ளத்துக்கு ஒன்றாக இடம் விட்டு நின்றன. அந்த 336 அங்கேயே இருந்தது, மஞ்சள் நிற விலைக்குறைப்புச் சீட்டோடு. மேசையில் வேறொரு ஊழியர் இருந்தார். காட்டச் சொன்னேன். கட்டு இல்லை, நான் அறுக்கச் சொன்ன பிறகு யாரும் திரும்பப் போடவில்லை போலிருக்கிறது. லீவரைத் திறந்து பார்த்தேன். ரேகையின் சுழிகள் இப்போது தெரியவில்லை. அந்த இடம் முழுவதுமே ஒரே சிவப்புத் திட்டாகியிருந்தது. என் மேலங்கிப் பையில், வேட்டை நாள்களிலிருந்து அப்படியே கிடந்த சிலிக்கோன் துணி கைக்குத் தட்டுப்பட்டது. எடுத்து, அந்தத் திட்டையும், குழலையும், லீவரையும், நான் பிடித்திருந்த இடங்களையும் மெதுவாகத் துடைத்தேன். ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு நேரம் ஒரு பொருளைத் துடைத்துக்கொண்டிருந்தால், அவர் அதை வாங்க முடிவு செய்துவிட்டார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நிமிர்ந்து பார்த்தபோது, ஊழியர் மேசைக்கு அடியிலிருந்து 4473 படிவம் ஒன்றை எடுத்து, மூலை மடங்காமல், என் முன்னால் நேராக வைத்துக்கொண்டிருந்தார்.